வெயில் காய்ச்சிய மதுரம்

ஸ்பெயின் தேசத்தின் தென்பகுதியான அந்தலூசியாவிலே, கோர்தோபா நகருக்குத் தெற்கே மொன்தீயா, மொரீலெஸ் என்ற ஊர்களைச் சுற்றிய வெண்சுண்ணாம்புக் குன்றுகளில் ஆகஸ்டு மாதத்தில் திராட்சை அறுவடை ஆகிறபொழுது, பறித்த குலைகளை உடனே பிழியக் கொண்டுபோகாமல், மொட்டைமாடியில் வற்றல் போடுவதைப் போலத் தரையிலே பாய்களை விரித்து வெயிலில் பரப்பிவிடுகிறார்கள். பச்சையும் மஞ்சளுமாக மினுமினுத்த பழம், ஒரு வாரமோ பத்து நாளோ அந்தப் பிரசண்ட சூரியனுக்கு முன் கிடந்து, ஆட்கள் குனிந்து குனிந்து குலைகளைப் புரட்டிப் போடப் போட, தோல் சுருங்கி, பழுப்பேறி, உள்ளிருந்த ஜலமெல்லாம் வற்றி, கிஸ்மிஸுக்குச் சற்று இப்பால் நிற்கும் ஒரு பதத்துக்கு வருகிறது. அதைப் பிழிந்தால் சாறு பெருகி ஓடுவதில்லை. மனமில்லாதவன் கடனைத் திருப்பித் தருவது போலச் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்குகிறது. ஆனால் அந்தச் சாற்றில் லிட்டருக்கு 400 கிராமுக்கும் மேலே சர்க்கரை உண்டு. அத்தனையும் பழத்தின் சொந்தச் சொத்து.

பெத்ரோ ஹிமெனெஸ் என்பது அந்தத் திராட்சையின் பெயர். மதுவுக்கும் அதே பெயர்தான். ஜெர்மானியச் சிப்பாய் ஒருவன் ரைன் நதிக்கரையிலிருந்து கொண்டுவந்த கொடி என்று ஒரு கதை வழங்குகிறது. தாவர சாஸ்திரிகள் அந்த உறவை ஒப்பவில்லை. ஆனாலும் கதையை யாரும் கைவிட்டதாகத் தெரியவில்லை.

இத்தனை சர்க்கரையில் ஈஸ்டு திணறிப்போகும். ஆகையால் சிறிது புளித்த மாத்திரத்திலேயே திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து, நொதிப்பை நிறுத்தி, பீப்பாய்களில் அடைத்து வைக்கிறார்கள். மொன்தீயாவிலிருந்து இந்த மதுவில் ஒரு பகுதி, சட்டத்தின் சம்மதத்தோடு, ஷெர்ரிக்குப் பேர்போன ஹெரெஸ் நகரத்துக்குப் பிரயாணமாகி அங்கேயே முதிர்கிறது. அங்கே பீப்பாய்களை அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள்; பாட்டிலுக்கு வேண்டியதைத் தரையோடு இருக்கும் அடுக்கிலிருந்து மட்டும் கொஞ்சம் எடுத்து, அந்தக் குறையை மேலடுக்கிலிருந்தும், மேலடுக்கின் குறையை அதற்கும் மேலிருந்தும், உச்சியின் குறையைப் புதிய மதுவைக் கொண்டும் நிரப்புவது சம்பிரதாயம். எந்தப் பீப்பாயும் ஒரு நாளும் காலியாவதில்லை. எனவே இந்த மதுவுக்கு ஜன்ம வருஷம் சொல்ல இயலாது. சராசரிப் பிராயம் 20 என்றோ 30 என்றோ அத்தாட்சி கொடுத்து, அபூர்வமான சிலவற்றை மட்டும் தனியே விற்கிறார்கள்.

கோப்பையில் ஊற்றும்போதுதான் இதன் சொரூபம் விளங்கும். வெள்ளைத் திராட்சையில் பிறந்ததென்று சத்தியம் செய்தாலும் நம்பமுடியாத கருமை. கோப்பையைச் சாய்த்து நிமிர்த்தினால், கருப்பட்டிப் பாகு போலக் கண்ணாடியிலே படிந்து, ஒரு பழுப்புத் திரையை விட்டுவிட்டு மெல்ல வழியும். அத்திப்பழம், பேரீச்சை, வறுத்த காப்பிக்கொட்டை ஆகிய மூன்று வாசனைகளும் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பும்.

இதை வெனிலா ஐஸ்கிரீமின் மேல் ஊற்றிச் சாப்பிடுவது ஸ்பெயின் முழுவதும் உள்ள வழக்கம். அது குதூகலமான காரியம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் இனிப்புக்கு இனிப்பையே துணை சேர்ப்பது ரசனையின் பால பாடம் என்பது என் அபிப்பிராயம். வடக்கே அஸ்தூரியாஸ் மலைநாட்டில் கப்ராலெஸ் என்றொரு பாலாடைக்கட்டி உண்டு. பசும்பாலிலோ, வெள்ளாட்டுப் பாலும் செம்மறிப் பாலும் கலந்தோ செய்து, சுண்ணாம்புப் பாறைக் குகைகளின் ஈரத்திலும் குளிரிலும் மாதக்கணக்கில் வைத்து, நீலப் பூஞ்சணம் நரம்பு நரம்பாக உள்ளே ஓடவிடுகிறார்கள். தனியே தின்றால் உப்பும் காரமும் நாக்கைச் சுரீரென்று பிடிக்கும். பரிச்சயமில்லாதவர் முகம் சுளிப்பர். அதில் சுண்டைக்காயளவு எடுத்து வாயிலிட்டு, கரையத் தொடங்கும் சமயத்தில் இந்த மதுவை ஒரு மிடறு பருகினால், உப்பு திகட்டலை அடக்க, தித்திப்பு காரத்தைத் தணிக்க, இரண்டுக்கும் இல்லாத மூன்றாவது ருசியொன்று, வறுத்த முந்திரியைப் போல, தொண்டையில் நெடுநேரம் தங்கியிருக்கும். கசப்பு மிகுந்த கருஞ்சாக்லேட்டும் ஏறக்குறைய இதே உபகாரத்தைச் செய்யும்.

ஹெரெஸ் நகரத்துக்கே உரிய பட்சணமொன்றையும் சொல்லவேண்டும். மதுவைத் தெளியவைக்க முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து ஊற்றுவது அங்கே பழைய முறை. மிஞ்சிய மஞ்சட்கருவை மதுசாலைக்காரர்கள் கன்னிமாடங்களுக்குத் தானமாக அனுப்ப, அங்கிருந்த கன்னியாஸ்திரீகள் அதைச் சர்க்கரைப் பாகில் சேர்த்து ஆவியில் வேகவைத்துப் பொன்னிறமான இனிப்பு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள் என்கிறார்கள். தொசீனோ தே சியேலோ என்று பெயர். வானத்துப் பன்றிக்கொழுப்பு என்று அர்த்தமாம். அதன் பக்கத்திலே பெத்ரோ ஹிமெனெஸை வைப்பது எனக்குச் சம்மதமில்லை. கடலோரத்துச் சிபியோனா ஊரின் மணற்பாங்கான நிலத்தில் விளையும் மொஸ்கதேல் திராட்சையின் மது, அதைவிட லேசாக, ஆரஞ்சுப் பூவின் வாசனையோடு இருக்கும். அந்தப் பண்டத்துக்கு அதுவே போதும், அதுவும் சிறிய கோப்பையில் பாதியளவு.