வல்லமையும் நீதியும்

அரசியல் அறத்தின் வழி நடப்பதா, ஆற்றலின் வழி நடப்பதா? இது மிகப் பழைய வினா. ஆட்சி எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதிலிருந்து சிந்திக்கத் தொடங்குவோரை இலட்சியவாதிகள் என்கிறோம். அதிகாரம் உண்மையில் எவ்வாறு இயங்குகிறது என்பதிலிருந்து தொடங்குவோரை யதார்த்தவாதிகள் என்கிறோம். இவ்விரு கட்சியும் நேருக்கு நேர் வாதாடிய நிகழ்ச்சி ஒன்று பண்டைய கிரேக்க வரலாற்றில் உண்டு.

கி.மு. 431-இல் ஏதென்சுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் பெரும்போர் மூண்டது. கடற்படையில் வல்ல ஏதென்சுக்கு ஈஜியன் கடல் தீவுகள் பல திறை செலுத்தி வந்தன. ஸ்பார்ட்டாவிலிருந்து சென்று குடியேறியோர் வாழ்ந்த மீலோஸ் என்னும் சிறு தீவு, எப்பக்கமும் சேராது நிற்க விரும்பியது. கி.மு. 416-இல் ஏதெனியர் 38 கப்பல்களுடன் அங்கே சென்றனர். போருக்கு முன் இரு தரப்பாரும் பேசினர். அப்பேச்சைத் துசிடிடீஸ் என்னும் வரலாற்றாசிரியர் உரையாடலாக அமைத்துத் தந்துள்ளார்.

ஒத்த வலிமையுடையோர்க்கிடையேதான் நீதி பேசப்படும். எளியோர் பணிந்து உயிர் பிழைப்பதே அறிவு என்றனர் ஏதெனியர். தெய்வமும் ஸ்பார்ட்டாவும் தம்மைக் காக்கும் என்றனர் மீலோஸ் மக்கள். இன்னொன்றும் சொன்னார்கள்: நீதி என்னும் பொதுக் காப்பை அழித்துவிடாதீர்கள், நாளை நீங்கள் வீழ்ந்தால் உங்களுக்கும் அது வேண்டியிருக்கும்.

ஸ்பார்ட்டா வரவில்லை. தீவு முற்றுகைக்குப் பணிந்தது. பிடிபட்ட ஆடவர் கொல்லப்பட்டனர். பெண்டிரும் குழந்தைகளும் அடிமைகளாக விற்கப்பட்டனர்.

கல்லூரியில் இதை முதன்முதல் படித்தபொழுது, ஏதெனியர் கொடியவராயினும் அவர்கள் கணக்கு சரியானதே என்று நான் எண்ணினேன். பின்னர் செனபோன் எழுதிய வரலாற்றைப் படித்த நாளில் அவ்வெண்ணம் தளர்ந்தது.

மீலோஸ் வீழ்ந்த மறு ஆண்டே ஏதெனியர் சிசிலித் தீவின்மேல் பெரும்படை அனுப்பினர். கி.மு. 413-இல் அப்படை அடியோடு அழிந்தது. கி.மு. 405-இல் எஞ்சிய கடற்படையும் ஸ்பார்ட்டாவிடம் சிக்கியது. அச்செய்தி எட்டிய இரவில் ஏதென்ஸ் நகரில் ஒருவரும் உறங்கவில்லை என்கிறார் செனபோன். மீலோசுக்குத் தாம் செய்ததே தமக்கும் நேரும் என்று அவர்கள் அஞ்சினர்.

நகரை அழித்துவிட வேண்டும் என்று கொரிந்தும் தீப்ஸும் வற்புறுத்தின. ஸ்பார்ட்டா இணங்கவில்லை. முன்னர்ப் பாரசீகர் படையெடுத்தபொழுது கிரேக்க நாட்டுக்கு ஏதென்ஸ் ஆற்றிய தொண்டை நினைவூட்டி மறுத்தது. தீப்ஸ் மிகுந்த வலிமை பெற்றுவிடலாகாது என்னும் கணக்கும் உடனிருந்தது என்பர் ஆராய்ச்சியாளர். இரண்டும் இருந்திருக்கலாம். எனினும், பழைய நற்செயல் ஒன்றைச் சொல்லியே அந்நகரைக் காக்க முடிந்தது என்பதை மறத்தற்கில்லை.

மாணவ நண்பர்களே, மீலோஸ் மக்கள் துணையின் வலிமையை அளவிடாமல் நம்பினர். ஏதெனியர் தம் வலிமை என்றும் நிலைக்கும் என்று நம்பினர். அதிகாரத்தின் இயல்பை அறியாத இலட்சியம் தன்னை நம்பியவரைக் காப்பதில்லை. ஆனால், அதிகாரம் கைமாறும் என்பதை மறந்த யதார்த்தவாதம் தன் பெயருக்கே தகுதியுடையதன்று. நாளை நாம் எளியோராகும்பொழுது எந்த நீதியை வேண்டுவோமோ, அதை இன்று வலியோராய் இருக்கும்பொழுதே பேணுதல் வேண்டும். அறமும் அதுவே, உலகை உள்ளவாறு காணும் அறிவும் அதுவே என்பது என் கருத்து.