சுவீடிஷும் கொரியனும் வாழும் ஊர்கள்

கொரியாவுக்குத் தொழிலுக்குப் போக ஆயத்தமாகும் தம்பி ஒருவராவது உங்கள் ஊரில் இருப்பார். கொப்பியும் கையுமாக, வட்டமும் கோடுமாய் எழுதிப் பழகுவாரே, அவரைத்தான் சொல்கிறேன். 2004 இல் இலங்கையும் தென்கொரியாவும் தொழிலாளர் உடன்படிக்கை செய்துகொண்டன. அந்த வழியில் போக விரும்புவோர் கொரிய மொழிப் பரீட்சையில் தேறியாக வேண்டும். சுவீடனில் குடியேறிய குடும்பம் ஒன்றைத் தெரிந்தவர்களும் உங்களில் இருக்கக்கூடும். அங்கே பிள்ளைகள் சுவீடிஷ் படிக்கிறார்கள். "அந்த நாட்டை விட்டால் வேறெங்கும் உதவாத பாஷை" என்று நாம் இரண்டையும் பற்றிச் சொல்லிவிடுகிறோம்.

அது சரிதானா? பிள்ளைகளின் தேசப்படப் புத்தகத்தை எடுத்து விரித்துக்கொள்ளுங்கள் சகோதரிகளே, பார்ப்போம்.

சுவீடிஷைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 1 கோடிப் பேர். கொரிய மொழி பேசுவோர் ஏறத்தாழ 8 கோடி. தென்கொரியாவில் 5 கோடிக்குச் சற்று அதிகம். வடகொரியாவில் இரண்டரைக் கோடியளவில். மிகுதிப் பேர் வெளிநாடுகளில். கணக்கைப் பார்த்தால் கொரியன் பலசாலி, சுவீடிஷ் மெலிந்த பிள்ளை. ஆனால் சொந்த நாட்டைத் தாண்டிப் போன பிறகு கதை தலைகீழாகிறது.

முதலில் சுவீடனுக்குக் கிழக்கே, கடலுக்கு அப்பால் இருக்கும் பின்லாந்தைப் பாருங்கள். 600 வருடங்களுக்கு மேல் சுவீடனின் ஆட்சியில் இருந்த இந்நாடு 1809 இல் ரஷ்யாவின் கைக்குப் போனது. ஆட்சி போனாலும் சுவீடிஷ் பேசிய மீனவர்களும் விவசாயிகளும் கரையோரத்திலேயே இருந்துவிட்டார்கள். சுதந்திரம் பெற்ற பின்லாந்து 1919 இல் வகுத்த அரசியல் யாப்பில் பின்னிஷ், சுவீடிஷ் இரண்டையும் தேசிய மொழிகளாக்கியது. இன்று சுவீடிஷ் பேசுவோர் அங்கே நூற்றுக்கு 5 பேர்தான். மூன்று இலட்சத்துக்கும் குறைவு. ஆனாலும் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை சுவீடிஷிலேயே படிக்கலாம். கட்டாய இராணுவப் பயிற்சியைக்கூடத் தாய்மொழியில் பெற ஒரு படைப்பிரிவு உண்டு. ஒரு ஊரில் சிறுபான்மை மொழியினர் 3,000 பேர் இருந்தாலோ, நூற்றுக்கு 8 பேர் இருந்தாலோ அது இருமொழி ஊர் என்பது சட்டம். வீதிப் பெயர்ப் பலகையில் இரண்டு மொழியும் வந்துவிடும். உலகச் சிறுவர்கள் விரும்பிப் படிக்கும் 'மூமின்' கதைகளை எழுதிய தூவெ யான்சன் ஹெல்சிங்கியில் வாழ்ந்தவர், எழுதியது சுவீடிஷில்.

உம்மா ஒரு பாஷை, வாப்பா ஒரு பாஷை என்றிருக்கும் வீடுகள் அங்கே ஏராளம். பிள்ளையோடு ஆளுக்கொரு மொழியில் பேசுவதுதான் பெரும்பாலும் வழக்கம். பிள்ளை குழம்பிவிடும் என்று நம் வீடுகளில் பயப்படுவோமே, அந்தப் பிள்ளைகள் குழம்பவில்லை.

இவ்வளவு இருந்தும் தேய்வு இல்லாமலில்லை. 1900 இல் நூற்றுக்கு 13 பேராக இருந்தவர்கள்தான் இன்று ஐவராகியிருக்கிறார்கள்.

இரு நாடுகளுக்கும் இடையில் ஒலாந்துத் தீவுகள் இருக்கின்றன. பின்லாந்துக்குச் சொந்தம், ஆனால் அரச கரும மொழி சுவீடிஷ் மட்டுமே. 1921 இல் சர்வதேச சங்கம் அளித்த தீர்ப்பின் பலன் அது. அங்கே காணி வாங்க வேண்டுமென்றால் பொதுவாக ஐந்து வருடம் வசித்து, போதிய சுவீடிஷும் தெரிந்திருக்க வேண்டும். சுமார் 30,000 பேர் வாழும் இடத்துக்கு எவ்வளவு பெரிய காவல்!

காவல் இல்லாத இடங்களில் என்ன நடந்தது? ஏறத்தாழ 13 இலட்சம் சுவீடன்காரர்கள் அமெரிக்கா போனார்கள். பேரப்பிள்ளைகள் ஆங்கிலம் பேசினார்கள். அவ்வளவுதான்.

இனிக் கொரியாவுக்கு வாருங்கள். 1945 இல் நாடு இரண்டாகப் பிளந்தாலும் மொழி ஒன்றுதான். 1446 இல் அரசர் சேஜொங் வெளியிட்ட ஹங்குல் எழுத்தையே இரு பக்கமும் எழுதுகின்றன. வடக்கே, எல்லைக்கு அப்பால் சீனாவின் யென்பியன் பிரதேசத்திலும் கொரியர் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். 1952 இல் அதற்குத் தன்னாட்சி கிடைத்தது. கடைப் பலகைகளில் கொரியனும் சீனமும் சேர்ந்தே இருக்கும். ஆனால் இளையவர்கள் பிழைப்புத் தேடி வெளியேற, கொரியப் பாடசாலைகள் குறைந்து வருகின்றன.

எனக்கு மனதை விட்டு அகலாதது மத்திய ஆசியாவின் கதைதான். ரஷ்யாவின் தூரகிழக்கில் வாழ்ந்த கொரியர் 1 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு மேற்பட்டோரை, ஜப்பானுக்கு உளவு பார்ப்பார்கள் என்று சந்தேகித்து, 1937 இலையுதிர் காலத்தில் ஸ்டாலின் அரசு ரயிலில் ஏற்றியது. ஒரு மாதமளவில் நீண்ட பயணம். இறக்கிவிட்ட இடம் கசகஸ்தானும் உஸ்பெகிஸ்தானும். ஆம், இமாம் புகாரி அவர்கள் பிறந்த புகாரா இருக்கும் அதே உஸ்பெகிஸ்தான். கசகஸ்தானின் உஷ்தொபே என்ற இடத்தில் இறங்கியவர்கள் நிலத்தைத் தோண்டி, குழிக்குள் முதல் குளிர்காலத்தைக் கழித்தார்கள். குழந்தைகளும் முதியவர்களும் பலர் மரணித்தனர்.

அடுத்த வருடமே கொரியப் பாடசாலைகள் ரஷ்ய மொழிக்கு மாற்றப்பட்டன. வீட்டில் பாட்டி கொரியன் பேசுவாள், பிள்ளை ரஷ்ய மொழியில் பதில் சொல்லும். இரண்டு தலைமுறையில் பதில் மட்டுமே மிஞ்சியது. ரஷ்யப் பெயரும், கிம், பாக் என்ற கொரியக் குடும்பப் பெயருமாக, அந்த மக்கள் இன்று முன்னாள் சோவியத் நாடுகளில் சுமார் 5 இலட்சம் பேர். பின்லாந்தின் சுவீடிஷ்காரரை விட அதிகம். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்குக் கொரியன் பேச வராது.

சமையலறை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கிம்ச்சி போடும் சீனக் கோவா கிடைக்காத ஊரில், அந்தப் பெண்கள் கரட்டை நூலாகச் சீவி, உப்பு, வினாகிரி, உள்ளி, கொச்சிக்காய், கொத்தமல்லி சேர்த்து, மேலே கொதிக்கும் எண்ணெயை ஊற்றினார்கள். அதன் பெயர் 'மார்கோவ்ச்சா'. பெயரில் பாதி ரஷ்யன், பாதி கொரியன். மத்திய ஆசியச் சந்தைகளில் இன்றும் குவித்து வைத்து விற்கிறார்கள். கொரியாவிலோ அப்படி ஒரு பழைய பதார்த்தமே இல்லை.

இப்போது அவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் தொழில் தேடித் தென்கொரியாவுக்குத் திரும்பி வருகிறார்கள். குவாங்ஜூ நகரில் அவர்களுக்கென்று ஒரு குடியிருப்பே உருவாகியிருக்கிறது. முகத்தைப் பார்த்துக் கடைக்காரர் கொரியனில் பேசுவார், இவர்கள் விழிப்பார்கள். ஆகவே பெரியவர்களும் மாலை நேரத்தில் கொப்பியை விரித்து, நம்மூர்த் தம்பியைப் போலவே, வட்டமும் கோடுமாய் முதல் எழுத்திலிருந்து எழுதிப் பழகுகிறார்கள்.