ஒரே பெயரில் இரண்டு ஈக்கள்

தமிழின் ஓரெழுத்து ஒருமொழிகளுள் 'ஈ' ஒன்று. பூச்சியையும் கொடுத்தலையும் அது குறிக்கும். இடம் நோக்கிப் பொருள் கொள்வதால் எவரும் மயங்குவதில்லை. 'பழ ஈ' என்னும் தொடரோ மயங்க வைக்கிறது. நாம் கூடியிருக்கும் செபராங் ஜெயாவின் வீடுகளில், கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் சின்னஞ்சிறு செங்கண் ஈயும் பழ ஈ. கொய்யா, மா, நட்சத்திரப்பழத் தோட்டங்களைப் பாழாக்கும், குளவியை ஒத்த ஈயும் பழ ஈ. முன்னது டுரோசோபிலா, பின்னது பாக்ட்ரோசெரா. அழுகும் கனியில் வளரும் ஈஸ்டை உண்பது முன்னது. நல்ல காயின் தோலைத் துளைத்து முட்டையிடுவது பின்னது.

முன்னதை வகுப்பறையிலேயே வளர்க்கலாம். கண்ணாடிக் குப்பியில் வாழைப்பழத் துண்டிட்டு, ஈக்கள் வந்தபின் வாயை மெல்லிய துணியால் கட்டினால் போதும். 25 பாகை வெப்பத்தில் முட்டை ஏறத்தாழ ஒரு நாளில் பொரிகிறது. புழு இருமுறை தோலுரித்து வளர்ந்து, குப்பியின் சுவரேறிக் கூடாகிறது. பத்து நாளளவில் புதிய ஈ வெளிப்படுகிறது. பாடநூல்கள் இக்கூட்டு நிலையைக் 'கூட்டுப்புழு' என்று சொல்லி நிறுத்திவிடுவதால், பட்டுப்புழுவைப் போல இதுவும் இழை நூற்கும் என மாணவர் எண்ணுகின்றனர். இது நூற்பதில்லை; புழுவின் கடைசித் தோலே கெட்டியாகிக் கூடாகிறது.

நம்மைப் போன்ற மொழியியலாருக்கு வியப்பளிப்பது இவ்வீயின் காதல். ஆண், பெண்ணைப் பின்தொடர்ந்து முன்காலால் தட்டுகிறது. பின் ஒரு சிறகை மட்டும் விரித்து அதிர்விக்கிறது. அவ்வதிர்வு துடிப்புகளாக ஒலிக்கிறது. மெலனோகாஸ்டர் இனத்தில் துடிப்புகளின் இடைவெளி ஏறத்தாழ 35 மில்லிநொடி. அதன் உடன்பிறப்பாகிய சிமுலன்ஸ் இனத்தில் ஏறத்தாழ 50. குறிலும் நெடிலும் மாத்திரை அளவால் வேறுபட்டுப் பொருளை மாற்றுவது போல, இங்கும் கால அளவு இனத்தை உணர்த்துகிறது. பெண் இதைக் கேட்பது உணர்கொம்புகளால். தும்பியை நாலறிவுயிர் என்று வகுத்துச் செவியறிவை அதற்கு மேல் வைத்த தொல்காப்பிய மரபியலை நடத்தும் ஆசிரியர், இக்குப்பியையும் மேசைமேல் வைக்கலாம். முன்பே இணைந்த பெண் பெரும்பாலும் இசைவதில்லை. உதைக்கும், விலகி ஓடும்.

தோட்டத்து ஈ இணைவது அந்திப்பொழுதில். அங்கே மணம் முதன்மை பெறுகிறது. பீகாரின் பூசாவில் பணியாற்றிய ஹௌலெட், மெத்தில் யூஜினால் என்னும் பொருள் ஆண் ஈக்களை ஈர்ப்பதை 1915இல் எழுதினார். நம் துளசியிலும் அப்பொருள் உண்டு. எதிர்க்கரையில், தீவிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் டான் கெங் ஹொங்கும் ஜப்பானியரான நிஷிடாவும் இதன் காரணத்தை ஆராய்ந்தனர். ஆண் ஈ அதனை உண்டு, உடலுள் மாற்றி, மலக்குடற் சுரப்பியில் சேர்த்து, அந்தியில் பெண்ணை அழைக்கும் மணமாக வெளியிடுகிறது.

பெயர் மயக்கத்தின் விலை இங்கேதான் தெரிகிறது. காடிப் பொறி சமையலறை ஈயைப் பிடிக்கும். தோட்டத்துக்கு அது பயனற்றது. மெத்தில் யூஜினால் பொறியோ ஆண்களையே இழுக்கும். ஓர் ஆண் பல பெண்களோடு இணையுமாதலால், சில ஆண்கள் எஞ்சினாலும் முட்டைகள் தொடரும். ஆகவே காய்களுக்குத் தாளுறை இடுவது இன்றும் நம்பத்தக்க காப்பு. டுரோசோபிலாவைக் 'காடி ஈ' என்றும், பாக்ட்ரோசெராவை மட்டும் 'பழ ஈ' என்றும் பள்ளிகளில் வழங்குமாறு ஆசிரியர்களை வேண்டுகிறோம்.