காந்தத்துக்குச் சிக்காத தேய்மானம்: செராமிக் பேரிங்கை எப்படி அளக்கிறார்கள்?

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் ஒரகடம் பக்கம் போனால் லாரி, கார், பைக் என வரிசையாகத் தொழிற்சாலைகள். அந்தச் சாலையில் ஓடும் கனரக வண்டிகளுக்கு ஆயில் மாற்றும்போது, காந்தம் வைத்த ட்ரெயின் பிளக்கில் இரும்புப் பொடி அப்பியிருந்தால், "உள்ளே ஏதோ தேயுது" என்பார் மெக்கானிக். ஆனால், தேய்வது செராமிக் என்றால்? காந்தத்தில் ஒன்றுமே ஒட்டாது.

எதற்கு செராமிக்?

இவ்வகை பேரிங்கில் பெரும்பாலும் வளையங்கள் எஃகுதான். உருளும் குண்டுகள் மட்டும் சிலிக்கான் நைட்ரைடு. எஃகைவிடச் சுமார் 60% எடை குறைவு, கடினம் அதிகம், மின்சாரத்தைக் கடத்தாது. அதனால்தான் அதிவேக டர்போசார்ஜர்கள் சிலவற்றிலும், மின்வாகன மோட்டார்கள் சிலவற்றிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். மோட்டாரில் கசியும் மின்சாரம் எஃகுக் குண்டு வழியே பாய்ந்தால் வளையத்தில் குட்டிக் குட்டிக் குழிகள் விழும். செராமிக் அதைத் தடுக்கும். 1995 ஜூலையில் பறந்த டிஸ்கவரி விண்வெளி ஓடத்தின் ஒரு என்ஜினில், ஆக்சிஜன் பம்ப்பிலேயே இந்தக் குண்டுகள் இருந்தன.

ஆயில் டெஸ்ட் போதாதா?

ஆயிலில் எந்தத் தனிமம் எத்தனை பிபிஎம் என்று ஆய்வகம் சொல்லிவிடும். சிலிக்கான் கூடியிருந்தால் செராமிக் தேய்ந்திருக்கலாம்; ஏர் ஃபில்டர் கிழிந்து மணல் தூசி உள்ளே போயிருக்கலாம். மணலிலும் சிலிக்கான்தானே இருக்கிறது! பெயர்ந்து விழும் பெரிய சில்லுகள் இந்தச் சோதனையில் சரியாகப் பதிவாவதும் இல்லை.

வேறு வழி?

எடை: 10 மி.மீ. குண்டின் மேற்பரப்பு முழுக்க ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தேய்ந்தால், சுமார் 1 மில்லிகிராம் குறையும். ஆய்வகத் தராசு அதைப் பிடித்துவிடும். ஆனால் பேரிங்கைக் கழற்ற வேண்டும்.

கதிரியக்கம்: செராமிக்கின் மேல்பரப்பில் பெரிலியம்-7 அணுக்களைப் பதித்து, தேயத் தேயக் குறையும் கதிர்வீச்சை வெளியிலிருந்தே அளக்கலாம். இதன் அரை ஆயுள் 53 நாள். சோதனைக்கூடத்துக்குச் சரி, சாலை வண்டிக்கு ஆகாது.

அதிர்வு: செராமிக் சீராகத் தேய்வதைவிட, விரிசல் விட்டுச் சில்லு பெயர்வதுதான் ஆபத்து. பெயர்ந்த இடம் வளையத்தில் படும் ஒவ்வொரு முறையும் ஒரு தட்டு விழும். ஓடும் வண்டியிலேயே சென்சார் அதைக் கேட்டுவிடும்.

கூர்மையான சில்லு எஃகு வளையத்தைச் சுரண்டினால் ஆயிலில் இரும்பும் ஏறும். ஆனால், அப்போது சேதம் குண்டோடு நின்றிருக்காது. ஆகவே "காந்தம் சுத்தமா இருக்கு" என்பதை மட்டும் நம்ப முடியாது. அதிர்வையும் ஆயிலையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.