உரங்களைக் கலக்கும் முன்

மேலுரம் இடும் நாளில் ஆள்கூலியை மிச்சப்படுத்த, இரண்டு மூன்று உரங்களைத் தரையில் கொட்டிக் கலந்து வீசுவது விவசாயிகளிடையே வழக்கத்தில் உள்ளது. இது தவறல்ல. ஆனால் எல்லா உரங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

நெல்லையும் உளுந்தையும் கலந்தால், நெல் நெல்லாகவும் உளுந்து உளுந்தாகவுமே இருக்கும், சலித்துப் பிரித்துவிடலாம். கலவை என்பது இதுவே. யூரியாவும் பொட்டாஷும் அவ்வாறானவை. 50 கிலோ யூரியாவில் 23 கிலோ தழைச்சத்தும், 50 கிலோ மியூரியேட் ஆப் பொட்டாஷில் 30 கிலோ சாம்பல் சத்தும் உள்ளன. கலந்த 100 கிலோவிலும் அதே 23, அதே 30தான். எனினும் கலவை வண்டியில் குலுங்கும்போது பொடி அடியில் இறங்கிவிடும், குருணை மேலே நிற்கும். ஆகவே வயல் வரப்பில் வைத்துக் கலப்பதே நல்லது. 17:17:17 போன்ற காம்ப்ளெக்ஸ் உரத்தில் ஒவ்வொரு குருணையிலும் மூன்று சத்தும் இருப்பதால் இத்தொல்லை இல்லை.

யூரியாவைச் சூப்பர் பாஸ்பேட்டுடன் கலந்தால் சற்று நேரத்தில் கசிந்து பிசுபிசுக்கும். கலந்தவுடன் வீசிவிட வேண்டும். மீதியை மூட்டையாகக் கட்டி வைத்தால் கல்லாக இறுகிவிடும். பிறகு அதை உடைக்கத் தனியாகக் கூலி!

உண்மையான நஷ்டம் சுண்ணாம்பினால் வருவதே. ஓட்டுச் சில்லில் சிறிது அம்மோனியம் சல்பேட்டை ஈரச் சுண்ணாம்புடன் குழைத்தால் மூக்கைத் துளைக்கும் நெடி எழும். அது அம்மோனியா வாயு. காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்துதான் அவ்வாறு காற்றில் போகிறது. இது கலவை அல்ல. பொருளே மாறிவிடும் வேதியியல் மாற்றம். எந்தச் சல்லடையாலும் இதைத் திரும்பப் பிரிக்க இயலாது. டி.ஏ.பி. உரத்துக்கும் இது பொருந்தும். அடுப்புச் சாம்பலும் காரத்தன்மை உடையதாகையால், அதையும் இவ்வுரங்களுடன் சேர்க்கக் கூடாது.

சூப்பர் பாஸ்பேட்டைச் சுண்ணாம்புடன் சேர்த்தால் நெடி எதுவும் வராது. அதனாலேயே நஷ்டம் தெரிவதில்லை. நீரில் கரையக்கூடிய மணிச்சத்து, எளிதில் கரையாத வடிவுக்கு மாறிவிடும். பயிருக்கு உடனே கிட்டாது.

நீலகிரி உருளைக்கிழங்கு நிலங்களைப் போன்ற அமில மண்ணுக்குச் சுண்ணாம்பு தேவைதான். மண் பரிசோதனையில் சொல்லும் அளவை, உரமிடுவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே இட்டு, உழுது மண்ணில் கலந்துவிட வேண்டும்.