நெரிசலுக்கு நாளொன்றுக்கு 1,200 ஃபோரின்ட்

2020 ஜனவரியில், புடாபெஸ்ட்டில் பத்திரிகையாளர்களைச் சந்தித்த ஹங்கேரிப் பிரதமர் விக்டர் ஓர்பான், 'சிறை வியாபாரம்' நடக்கிறது என்று சாடினார். அவர் சொன்னது இதுதான்: இடமில்லாத சிறைகளில் அடைத்துவைத்த குற்றத்துக்காகக் கைதிகளுக்கு அரசு பணம் கொடுக்கிறது, அதை வாங்கித் தரும் வக்கீல்கள் கொழிக்கிறார்கள், வரி கட்டுகிறவன் காசு கொலைகாரனுக்குப் போகிறது, பறிகொடுத்த குடும்பமோ வாசலில் நிற்கிறது. சில வாரங்களுக்குள் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிப் பட்டுவாடாவை நிறுத்திவைத்தது. அதுவரை கொடுத்தது ஏறக்குறைய ஆயிரம் கோடி ஃபோரின்ட் என்று அரசே கணக்குச் சொன்னது. அன்றைய மதிப்பில் சுமார் 240 கோடி ரூபாய்.

கேட்டதும் கோபம் வரத்தான் செய்யும். நம் ஊரில் இப்படி ஒரு செய்தி வந்தால் டீக்கடையில் என்ன பேசுவோம் என்று யோசித்துப் பாருங்கள். 'உள்ளே போனவனுக்குச் சோறும் போட்டு, காசும் கொடுக்கணுமா?' ஓர்பானுக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். ஆனால் அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த இழப்பீட்டுச் சட்டத்தை 2016-இல் கொண்டுவந்ததே அவருடைய அரசுதான்.

விருப்பப்பட்டுக் கொண்டுவரவில்லை. ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2015 மார்ச் 10 அன்று வர்கா வழக்கில் ஹங்கேரிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்கள் ஆறு பேர். அவர்களுக்குப் பின்னால் அதே புகாருடன் சுமார் 450 மனுக்கள் வரிசையில் நின்றன. அப்போது ஹங்கேரிச் சிறைகளில் நூறு பேருக்கான இடத்தில் 140 பேருக்கு மேல் இருந்தார்கள். மூட்டைப்பூச்சி, காற்றோட்டம் இல்லாமை, எப்போதாவது குளியல், அறைக்கு வெளியே கால்நீட்ட அனுமதிக்கும் நேரம் சொற்பம். எல்லோர் கண்முன்னேயும் மலம் கழிக்க வேண்டிய நிலைதான் கைதிகள் சொன்னவற்றில் மனத்தை அதிகம் உறுத்துவது. ஒவ்வொரு மனுவாக விசாரித்துக்கொண்டிருக்க முடியாது, நோய் அமைப்பிலேயே இருக்கிறது, உள்நாட்டிலேயே பரிகாரத்துக்கு வழி செய்யுங்கள் என்றது நீதிமன்றம்.

அதன்படி 2017 ஜனவரி முதல் ஒரு விகிதம் அமலுக்கு வந்தது. நெரிசலில் கழித்த ஒவ்வொரு நாளுக்கும் 1,200 முதல் 1,600 ஃபோரின்ட் வரை. நம் பணத்தில் தோராயமாக முந்நூறிலிருந்து நானூறு ரூபாய். ஐரோப்பாவில் அது ஒரு நல்ல மதியச் சாப்பாட்டுக்குக் காணாது. ஆனால் ஆயிரம் நாள் உள்ளே இருந்தவருக்குக் குறைந்தது 12 லட்சம் ஃபோரின்ட் ஆகிறது. தலைப்புச் செய்தியில் இந்தக் கூட்டுத்தொகைதான் வந்தது. ஒரு நாளின் விகிதம் வரவில்லை.

பாதிக்கப்பட்டவர்கள் விஷயத்துக்கு வருவோம். கொலையுண்டவரின் மனைவி, கொன்றவன் அரசிடம் பணம் வாங்குவதைப் பார்க்கும்போது அவர் மனம் என்ன பாடுபடும் என்பதை எந்த மனித உரிமை வாதமும் தள்ளிவிட முடியாது. சட்டம் எழுதியவர்களும் தள்ளிவிடவில்லை. குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு நீதிமன்றம் நஷ்டஈடு விதித்திருந்து, அது நிலுவையில் இருந்தால், கைதியின் இழப்பீட்டிலிருந்து முதலில் அது கழிக்கப்பட வேண்டும் என்று ஏற்பாடு இருந்தது. பிள்ளைகளுக்கான ஜீவனாம்ச பாக்கிக்கும் அப்படியே. கையில் காலணா இல்லாத கைதியிடமிருந்து வேறு எந்த வழியிலும் வசூலிக்க முடியாத தொகை அது. நடைமுறையில் ஓட்டை இருந்திருக்கலாம். இருந்தால் அடைக்க வேண்டியதுதான். பிறகு வந்த விதிகள் வக்கீல்களின் கணக்குக்குப் பணம் போவதைத் தடுத்தன. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓட்டையைக் காட்டிப் பாத்திரத்தையே தூக்கி எறிவது அரசியல்.

இனி அளவுகோல் விஷயம். நெரிசல் என்பதை எப்படி அளப்பது? 2016 அக்டோபரில் குரோவேஷியாவின் ப்யெலோவார் சிறை பற்றிய முர்ஷிச் வழக்கில் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றத்தின் பேரமர்வு இதற்கு விடை சொன்னது. பலர் தங்கும் அறையில் தலைக்கு 3 சதுர மீட்டருக்குக் குறைந்தால், அது இழிவான நடத்தை என்றே முதலில் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது அரசின் பாடு. கழிவறை இருக்கும் இடம் கணக்கில் சேராது. கட்டில், மேசை அடைக்கும் இடம் சேரும், ஆனால் மிச்ச இடத்தில் மனிதன் சாதாரணமாக நடமாட முடிய வேண்டும். மூன்று சதுர மீட்டர் என்றால் நம் கணக்கில் சுமார் 32 சதுர அடி. ஆறடிக்கு மூன்றடிக் கட்டில் ஒன்றைப் போட்டால் பாதிக்கு மேல் போய்விடும். இதற்கும் குறைவான இடத்தில் தொடர்ந்து 27 நாள் இருந்ததற்காக அந்த மனுதாரருக்குக் கிடைத்தது ஆயிரம் யூரோ.

இந்த அளவு தாராளம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சித்திரவதைத் தடுப்புக்கான ஐரோப்பியக் குழு நான்கு சதுர மீட்டர் கேட்கிறது. நீதிமன்றம் மூன்றோடு நிறுத்திக்கொண்டது.

பணமாகக் கொடுப்பதா, தண்டனை நாளைக் குறைப்பதா என்பது இதில் உள்ள உண்மையான விவாதம். இத்தாலி இரண்டையும் கலந்தது. பியாச்சென்சா, புஸ்தோ ஆர்சித்சியோ சிறைகளின் கைதிகள் ஏழு பேர் தொடுத்த தொர்ரெஜ்ஜானி வழக்கில் 2013 ஜனவரியில் இத்தாலி தோற்றது. ஒன்பது சதுர மீட்டர் அறையில் மூன்று பேர் என்பது அவர்கள் புகார். அடுத்த ஆண்டே அவசரச் சட்டம் வந்தது: மோசமான நிலையில் கழித்த ஒவ்வொரு பத்து நாளுக்கும் தண்டனையில் ஒரு நாள் குறையும், ஏற்கெனவே வெளியே வந்தவருக்கு நாளொன்றுக்கு 8 யூரோ. ருமேனியா 2017-இல் முப்பது நாளுக்கு ஆறு நாள் என்று தாராளமாகக் குறைத்தது. மக்கள் கொந்தளித்தார்கள், 2019 முடிவதற்குள் சட்டமே ரத்தானது. பிரேசிலில் கொரும்பா சிறையில் இருந்த ஒருவருக்கு 2,000 ரியால் தர வேண்டும் என்று 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நீதிபதி லூயிஸ் ரொபெர்த்தோ பஹோசோ, பணம் எந்தச் சிறையையும் திருத்தப்போவதில்லை, நாளைக் குறையுங்கள் என்று வாதாடினார். பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்கவில்லை.

எனக்கு பஹோசோ பக்கம்தான் சாய்வு. நெருக்கடியில் கழிந்த நாள் கடுமையான நாள். அதை ஒரு நாளுக்குச் சற்று அதிகமாகக் கணக்கிடுவது நியாயம். கஜானாவுக்கும் செலவில்லை, நெரிசலும் குறையும். ஆனால் வெளியே வந்துவிட்டவனுக்கு நாளைக் குறைத்து என்ன பயன்? ஆகவே இத்தாலியின் கலப்புதான் நடைமுறைக்கு ஒத்துவரும். அங்கே 2012 கடைசியில் 65,000-க்கு மேல் இருந்த கைதிகளின் எண்ணிக்கை 2015 முடிவில் 52,000 சொச்சத்துக்கு வந்தது. இழப்பீடு மட்டும் காரணமில்லை. முன்விடுதலை, வீட்டுக்காவல் என்று பல கதவுகள் திறந்தன. ஆனால் தீர்ப்பும் அதன் செலவும்தான் அவற்றைத் திறக்க வைத்தன. அழுத்தம் தளர்ந்த பின் எண்ணிக்கை மறுபடி ஏறி, 60,000-ஐத் தாண்டிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஹங்கேரியில் இது இன்னும் அப்பட்டம். பட்டுவாடாவை நிறுத்திய அதே 2020-இல், செப்டம்பருக்குள் நெரிசலை ஒழிக்க வேண்டும் என்று அரசு தனக்கே கெடு வைத்துக்கொண்டது. பல சிறைகளின் வளாகத்தில் இலகுரகக் கட்டடங்கள் மளமளவென்று எழுந்தன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட புதிய இடங்கள் கிடைத்தன. கைதிகள் பல ஆண்டுகளாகப் புலம்பியபோது நகராத செங்கல், ஆயிரம் கோடி ஃபோரின்ட் ரசீதைப் பார்த்ததும் நகர்ந்தது. ஓர்பான் 'வியாபாரம்' என்று திட்டிய அந்த ஏற்பாடு செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிட்டது.

கட்டடம் கட்டினால் மட்டும் போதாது என்பதற்கும் ஹங்கேரியே சாட்சி. ஆள் கடத்தல் குற்றத்துக்காகப் பிடிபட்ட வெளிநாட்டவர்களால் சிறைகள் மீண்டும் நிரம்பின. 2023 ஏப்ரலில், குடியேறிகளுக்கு எதிராக வேலி போட்ட அதே அரசு, அந்தக் கடத்தல்காரர்களையே விடுவிக்க ஆணை பிறப்பித்தது. 72 மணி நேரத்துக்குள் நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும் என்பது நிபந்தனை. அண்டை நாடான ஆஸ்திரியா கொதித்தது. அடைத்துவைக்கச் செலவாகிறது என்பது புடாபெஸ்ட் சொன்ன காரணம்.

இந்தியாவில் இப்படி நாள் விகிதம் எதுவும் இல்லை. 1983-இல் ருதுல் ஷா வழக்கில், விடுதலைத் தீர்ப்புக்குப் பின்னும் 14 ஆண்டு பீகார் சிறையில் கிடந்தவருக்கு, ஏற்கெனவே கொடுத்த 5,000 போக 30,000 ரூபாய் தரச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2017-இல் 1,382 சிறைகளின் நிலை பற்றிய வழக்கில், சிறையில் இயற்கைக்கு மாறாக இறந்தவர்களின் குடும்பத்துக்கு இழப்பீடு வழங்க உயர் நீதிமன்றங்களைக் கேட்டுக்கொண்டது. அதாவது சட்டமில்லாமல் அடைக்கப்பட்டால் உண்டு, செத்தால் உண்டு. உயிரோடு நெருக்கடியில் கிடந்தால் இல்லை. மாதிரிச் சிறைக் கையேடு கொட்டடியில் ஒருவருக்கு 3.71 சதுர மீட்டர் என்று எழுதிவைத்திருக்கிறது. 2022 கணக்குப்படி நம் சிறைகள் கொள்ளளவில் 131 சதவீதம் நிரம்பியிருந்தன. உள்ளே இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் குற்றம் நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதிகள்.

ஆனால் அந்த ஐரோப்பிய அளவுகோலை இந்திய அரசுக்கு நன்றாகத் தெரியும். தொழிலதிபர் விஜய் மல்லையாவை ஒப்படைக்கக் கேட்டபோது, மும்பை ஆர்தர் ரோடு சிறையின் 12-ஆம் எண் கொட்டடியைக் காணொளி எடுத்து, அந்த அளவுகோலைப் பார்க்கும் லண்டன் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2025 பிப்ரவரியில் ஆயுத வணிக ஆலோசகர் சஞ்சய் பண்டாரி வழக்கில் திகார் சிறை நிலையையும் காட்டி அவரை ஒப்படைக்க லண்டன் உயர் நீதிமன்றம் மறுத்தது. கோடிகளோடு கடல் தாண்டியவருக்குக் காற்றும் வெளிச்சமும் இடமும் உண்டு என்று உறுதி எழுதிக் கொடுக்கும் அரசு, ஜாமீன் தொகை கட்ட வழியில்லாமல் உள்ளே கிடப்பவனுக்கும் அதே உறுதியைச் சட்டமாக எழுதித் தர வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு எவ்வளவு என்பதையும் அதே சட்டத்தில் எழுத வேண்டும்.