சேற்றுழவு முடிந்ததும் டிராக்டர், டிரெய்லரின் அடிப்புறத்தைக் காப்பது எப்படி?

காஞ்சிபுரம் மாவட்டத்தில் படப்பை, மணிமங்கலம், ஒரகடம் பகுதிகளில் தொழிற்சாலைகள் பெருகிவிட்ட போதிலும், ஏரிப் பாசன நிலங்களில் சொர்ணவாரி, சம்பா, நவரைப் பட்டங்களில் நெல் பயிராகி வருகிறது. சேற்றுழவுக்குப் பெரும்பாலும் டிராக்டரே பயன்படுகிறது. உழவு முடிந்ததும் டிராக்டரின் மேற்புறத்தைக் கழுவித் துடைக்கும் உழவர்கள், அடிப்புறத்தைப் பார்ப்பதில்லை. அச்சிலும் சட்டத்திலும் அப்பிய சேற்றுடன் வண்டி கொட்டகைக்குப் போய்விடுகிறது.

அறுவடைக் காலத்தில் அதே டிராக்டர், நெல் மூட்டைகள் ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு, வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே செல்ல வேண்டியிருக்கிறது. துருவேறிய இழுவைச் சட்டமோ கொக்கியோ அப்போது முறிந்தால் உயிர்ச்சேதமே நேரக்கூடும். எனவே அடிப்புறப் பராமரிப்பை அழகுக்குச் செய்யும் வேலையாகக் கருதக்கூடாது.

சேறு ஏன் கேடு செய்கிறது?

இரும்பு துருப்பிடிக்க நீர், பிராணவாயு இரண்டும் வேண்டும். மேலே விழுந்த மழைநீர் சில மணி நேரத்தில் வடிந்து காய்ந்துவிடும். களிமண் சேறோ பல நாட்கள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சேற்றின் ஓரத்தில் காற்றுப் படுகிறது, உள்ளே படுவதில்லை. இந்த வேறுபாட்டால் மிகச் சிறிய மின்னோட்டம் தோன்றி, சேற்றுக்கு அடியிலுள்ள இரும்பு குழிகுழியாக அரிக்கப்படுகிறது. வெளியே பார்த்தால் சேறு மட்டுமே தெரியும்.

நீரில் உப்பு கலந்திருந்தால் இந்த அரிப்பு விரைவுபடும். பனி பெய்யும் மேலை நாடுகளில், சாலையில் உறைபனியைக் கரைக்க உப்பைத் தூவுகின்றனர். அங்கே வண்டிகளின் அடிப்புறம் துருப்பிடிக்க அதுவே முக்கியக் காரணம். நம் சாலைகளில் உப்பு இல்லை என்று நிம்மதியடைய முடியாது. டிரெய்லரில் ஏற்றும் உரமே உப்புதான். மூரியேட் ஆஃப் பொட்டாஷ் உரத்தில் ஏறத்தாழப் பாதி எடை குளோரைடு. அம்மோனியம் சல்பேட்டும் இரும்பை அரிக்கக்கூடியது. கிழிந்த மூட்டைகளிலிருந்து கொட்டும் உரமும், தொழு உரத்தின் சாணமும் கோமியமும் பலகை இடுக்கு வழியே சட்டத்தின் மேல் தங்குகின்றன. மேலும், காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே துரு வேகமெடுக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் பகுதியில் ஈரப்பதம் அதற்கு மேலேயே நிற்கிறது.

காருக்கும் டிரெய்லருக்கும் உள்ள வேறுபாடு

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் 1998 முதலும், ஒரகடத்தில் ரெனோவும் நிசானும் கூட்டாகத் தொடங்கிய ஆலையில் 2010 முதலும் கார்கள் உற்பத்தியாகின்றன. இத்தகைய ஆலைகளில் காரின் உடற்கூடு முழுவதையும் வர்ணத் தொட்டியில் முக்கி, மின்சாரத்தின் உதவியால் வர்ணத்தைப் படிய வைக்கின்றனர். கை எட்டாத உட்குழிகளிலும் அது படிகிறது. ஆகவே புதிய காருக்கு முறையாகக் கழுவுவதும், கதவின் கீழும் ஓரச் சட்டங்களிலும் உள்ள வடிதுளைகள் அடைபடாமல் பார்ப்பதுமே முக்கியம்.

உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்யும் டிரெய்லருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. வெளியே ஒரு கை வர்ணம் இருக்கும். சட்டத்தின் உட்புறமும் வெல்டிங் இணைப்புகளும் பெரும்பாலும் வெறும் இரும்பாகவே இருக்கும். எனவே முழுக் கவனமும் டிரெய்லருக்கே தேவை.

அடியில் இறங்குமுன்

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் ஒருபோதும் படுக்கக்கூடாது. சமதளத்தில் நிறுத்தி, கைப் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, உறுதியான இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் வண்டியை இருத்திய பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். செங்கல் நொறுங்கிவிடும் என்பதால் அதை முட்டுக் கொடுக்கக் கூடாது. ஹைட்ராலிக் டிரெய்லரின் பெட்டியைத் தூக்கி வைத்து வேலை செய்யும்போது வலுவான முட்டுச் சட்டம் கட்டாயம் தேவை. எண்ணெய்க் குழாய் ஒன்று விட்டுப்போனால் பெட்டி ஒரே நொடியில் கீழே இறங்கிவிடும்.

கழுவும் முறை

1. சேறு காயுமுன், அன்றைக்கே கழுவ வேண்டும். காய்ந்த சேற்றைச் சுரண்டும்போது வர்ணமும் சேர்ந்து வந்துவிடும்.

2. எஞ்சினும் சைலன்ஸரும் ஆறிய பிறகே தண்ணீர் பாய்ச்ச வேண்டும்.

3. அச்சின் மேற்பகுதி, மட்கார்டின் உட்புறம், ஸ்பிரிங் பட்டைகளின் இடுக்கு, சட்டத்தின் மூலைகள், இழுவைக் கொக்கி ஆகியவையே சேறு தங்கும் இடங்கள். மரக்குச்சியால் நெகிழ்த்திவிட்டுத் தண்ணீர் அடிக்கலாம்.

4. வாட்டர் சர்வீஸில் அழுத்த நீரை ரேடியேட்டர், மின் இணைப்புகள், சக்கர ஹப்பின் சீல் ஆகியவற்றின் மேல் நேராக அடிக்க விடக்கூடாது. சீல் வழியே நீர் புகுந்தால் பேரிங் கெடும்.

5. கிணற்று நீர் உப்பாக இருந்தால், கடைசியாக நல்ல நீரால் ஒருமுறை அலச வேண்டும்.

6. கழுவிய பின் மெதுவாக ஓட்டி, பிரேக்கைச் சில முறை மிதித்து, பிரேக் பிடிக்கிறதா என உறுதி செய்ய வேண்டும். கிரீஸ் நிப்பிள்களில் பழைய கிரீஸுடன் நீர் வெளியேறும்வரை புதிய கிரீஸ் அடிக்க வேண்டும்.

வண்டியை ஏரியில் இறக்கிக் கழுவுவதைத் தவிர்க்க வேண்டும். எண்ணெயும் டீசலும் பாசன நீரில் கலக்கும். மணிமங்கலம் ஏரியின் உபரி நீர் அடையாற்றுக்குப் போவதால் கேடு நம் வயலோடு நிற்பதும் இல்லை.

சோதனை

பூச்சுக்கு முன் வண்டி நன்கு காய வேண்டும். இரண்டு நாள் நல்ல வெயில் இருந்தால் இடுக்குகளும் காய்ந்துவிடும். பின் சிறு சுத்தியலால் சட்டத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்ற ஒலி வந்தால் இரும்பு நன்றாக இருக்கிறது. மங்கிய ஒலி வந்தாலும், செதில் செதிலாக உதிர்ந்தாலும் சட்டம் மெலிந்துவிட்டது எனக் கொள்ளலாம். இழுவைச் சட்டம், கொக்கி, அச்சுப் பிடிப்புகள் ஆகிய இடங்களில் இப்படிக் கண்டால் வர்ணம் அடிப்பதில் பயனில்லை. மெலிந்த இரும்பை வர்ணம் மறைக்குமே தவிரத் தாங்காது. முதலில் அப்பகுதியை மாற்ற வேண்டும்.

பூச்சு

மேலோட்டமான துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, ரெட் ஆக்சைடு ப்ரைமரை இரண்டு முறை மெல்லியதாகப் பூச வேண்டும். ஒரு லிட்டர் ப்ரைமர் ஒரு கைப் பூச்சுக்கு சுமார் 8 முதல் 10 சதுர மீட்டர் பரப்புக்கு வரும். அது காய்ந்த பின் எனாமல் வர்ணமோ தார் கலந்த அடிப்பூச்சோ பூசலாம். சட்டத்தின் உட்குழிகளுக்குத் தார்ப் பூச்சைவிட, ஊர்ந்து பரவும் மெழுகு வகைப் பூச்சே ஏற்றது.

ஈரத்தின் மேலோ செதில் துருவின் மேலோ தார் பூசுவது, பூசாமல் விடுவதைவிடக் கெடுதல். உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியின்றி, பளபளப்பான கறுப்புப் பூச்சுக்கு அடியில் இரும்பைத் தின்றுகொண்டிருக்கும். தார்ப் பூச்சு நாளடைவில் இறுகி வெடிப்பதும் உண்டு. ஆண்டுதோறும் பார்த்து, வெடித்த இடங்களைச் சுரண்டி மீண்டும் பூச வேண்டும்.

பிரேக் டிரம், டிஸ்க், சைலன்ஸர், ரப்பர் பாகங்கள், பிரேக் ஹோஸ், கிரீஸ் நிப்பிள், வடிதுளை ஆகியவற்றில் பூச்சு படக்கூடாது. சேஸ் எண் பொறித்த இடத்தையும் மறைக்கக்கூடாது. எஃப்.சி. பார்க்கும்போது அந்த எண் தெளிவாகத் தெரிய வேண்டும்.

கழிவு எண்ணெய் பூசலாமா?

எஞ்சினிலிருந்து வடித்த எண்ணெயை டீசலுடன் கலந்து அடிப்புறத்தில் அடிக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. செலவில்லை என்பதே காரணம். ஆனால் அந்த எண்ணெயில் எரிபொருள் எரிந்ததால் உண்டான அமிலங்களும் உலோகத் துகள்களும் கலந்திருக்கின்றன. அது ரப்பர் புஷ்களை ஊதி இளக்கிவிடும். தூசியைப் பிடித்து வைக்கும். வயலில் சொட்டி மண்ணையும் கெடுக்கும். இதைக் கைவிடுவதே நலம்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய பெருமழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாற்றின் வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளைச் சூழ்ந்தது. இவ்வாறு நீரில் நின்ற வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யக்கூடாது. எஞ்சின், கியர் பாக்ஸ், பின் அச்சு எண்ணெய்களைப் பார்க்க வேண்டும். எண்ணெய் பால் போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது எனப் பொருள். அதை வடித்துப் புதிய எண்ணெய் ஊற்றி, ஹப் பேரிங்குகளுக்குப் புது கிரீஸ் இட வேண்டும்.

எப்போது செய்வது?

சம்பா சேற்றுழவு முடிந்து, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒருமுறையும், நவரை உழவு முடிந்ததும் ஒருமுறையும் முழுச் சோதனை செய்தால் போதும். ப்ரைமரைக் கோடையில் பூசினால் நன்கு காயும். ஆனால் கழுவுவதை மட்டும் பட்டம் பார்த்துத் தள்ளிப்போடக்கூடாது. உரமோ எருவோ ஏற்றி இறக்கிய அன்றே டிரெய்லரை மேலும் கீழும் அலசிவிட்டால், துருவின் பெரும்பகுதியைச் செலவின்றியே தவிர்க்கலாம்.